வளவு நிறையச் சாட்சிகள்

போன ஐப்பசியில் அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். "அயித்தை, மாப்பிள்ளையோட சிநேகிதங்க நாப்பத்திரெண்டு பேர் வர்றாங்க. சிங்கப்பூர், ஜெர்மனின்னு எங்கெங்கேருந்தோ வர்றாங்க. வெள்ளிக்கிழமை வந்து திங்கக்கிழமை காலையில கிளம்பிருவாங்க. அந்த மூணு நாளும் நம்ம வழக்கமெல்லாம் அவங்களுக்குத் தெரியிற மாதிரி ஒரு திட்டம் போட்டுத் தாங்க. உங்களை விட்டா யாரு?"

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். திட்டம் போடுவது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அன்றைக்கு நோட்டை எடுக்கவில்லை. எங்கள் பள்ளத்தூர் பூர்வீக வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் உறவில் ஒரு கல்யாணம் நடந்தது. வெளியூர் விருந்தாளிகளுக்கென்று எல்லாப் பொறுப்பையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். முகப்பில் மேடை, அதில் கரகாட்டம், எதிரே வரிசையாக நாற்காலி. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் கரகாட்டத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. விருந்தாளிகள் படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள், ராத்திரி பஸ்ஸில் ஓட்டலுக்குப் போனார்கள். மறுநாள் பார்த்தால் பூச்சரம் தொங்கவிட பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடித்திருக்கிறார்கள். நூறு வருடம் எண்ணெய் குடித்து, கன்னத்தைத் தடவினாற்போல வழவழவென்று இருந்த தூண். பதினேழு ஆணி. ஒவ்வொன்றாய் நான்தான் பிடுங்கினேன். வந்திருந்த ஒரு பெண் என் அருகே வந்து, "இந்த வீட்டில் யார் வசிக்கிறார்கள்?" என்று கேட்டாள். "யாரும் இல்லை" என்றேன். அவள் முகத்தில் தெரிந்த குழப்பம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. யாரும் வசிக்காத வீட்டை ஏன் இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள் என்று அவள் மேலும் கேட்டிருந்தால் அன்றைக்கு என்னால் சட்டென்று பதில் சொல்லியிருக்க முடியாது.

பள்ளத்தூர் வீட்டை அன்றைக்குத் தனியாகத் திறந்து உள்ளே நடந்தபோதுதான் அந்தப் பதில் ஒவ்வொரு கட்டாக வந்தது.

முன்தெருவில் வாசல், பின்தெருவில் கொல்லைக் கதவு. நடுவில் இருப்பது முழுக்க ஒரே வீடு. முதலில் முகப்பு. இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணை, அதில் ஆண்கள் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்கள், வந்தவர்களோடு பேசுவார்கள். அதைத் தாண்டினால் வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கடுத்து இரண்டாம் கட்டு, பந்தி போடுகிற இடம். அதற்கும் பின்னால் பெண்கள் புழங்கும் கட்டும் அடுப்படியும் கிணறும். சுவரில் முகம் பார்க்கலாம். சுண்ணாம்பை நாள்கணக்கில் அரைத்து, கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது.

தினப்படி சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவதற்கு இத்தனை கட்டு வேண்டாம். வீட்டில் இருந்தது அப்பத்தாவும் இரண்டு மருமகள்களும் பிள்ளைகளும். ஆண்கள் கடலுக்கு அப்பால். இருநூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் எதற்கு? ஒவ்வொரு கட்டும் கல்யாணத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. வருகிறவர்களை எங்கே இறக்குவது, எங்கே உட்காரவைப்பது, எங்கே சமைப்பது, எந்த வழியாகச் சாப்பாடு வரவேண்டும், எந்த வழியாகப் பெண்கள் வரவேண்டும் என்று யோசித்து வரைந்த வரைபடம்தான் எங்கள் வீடு. அண்ணன் மகள் கேட்ட திட்டத்தை ஐயாவுடைய அப்பச்சி அப்போதே போட்டுவிட்டார்.

இந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் பர்மாவுக்குப் போகவேண்டும். 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். ஐராவதி முகத்துவாரத்துச் சதுப்பெல்லாம் நெல்வயலாயிற்று. நிலத்தைத் திருத்தப் பணம் வேண்டும். வெள்ளைக்காரர் வங்கி பர்மியக் குடியானவனுக்குக் கடன் கொடுக்காது. அந்த இடைவெளிக்குள் எங்கள் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், போய் உட்கார்ந்தார்கள். 1930-ஐ ஒட்டி பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேற்பட்ட செட்டியார் வட்டிக்கடைகள் இருந்தன. இலங்கை, மலேயா, சைகோன் இதில் சேராது. கடைக்குப் போன ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடம் அங்கே தரையில் பாய் விரித்து, கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்து வரவு செலவு எழுதி, கணக்கை முடித்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பவேண்டும். பெண்டு பிள்ளைகள் ஊரோடு.

ஆக, ஒரு பிள்ளைக்குக் கல்யாண வயது வரும்போது அப்பச்சி ரெங்கூனில், சித்தப்பா பினாங்கில், தாய்மாமன் கொழும்பில். எல்லோரும் ஒரே சமயத்தில் ஊரில் இருக்கிற சில வாரம் எப்போதாவதுதான் அமையும். அந்தச் சில வாரத்துக்குள் பெண் பார்த்து, பேசி முடித்து, பங்காளிகளைக் கூட்டி, திருப்பூட்டி (தாலி கட்டுவதை இப்படித்தான் சொல்வோம்), பழைய பிணக்குகளைப் பேசித் தீர்த்து, புதுக் கூட்டுகளையும் போட்டுவிட வேண்டும். கல்யாணம் ஒரு சமூகத்தின் கூட்டமாகவே இருந்தது. அப்பத்தா சொல்லுவார்: "எங்க கல்யாணத்துக்கு ஒரு வாரம் ஊர்ல எவுக வீட்லயும் அடுப்பு எரியலத்தா. அம்புட்டுப் பேருக்கும் இங்கேதான் எலை." வந்தவர்களைப் பங்காளி வீடுகளில் கட்டுக்கட்டாக இறக்குவார்களாம். எந்த ஊர்க்காரருக்கு எந்த வீடு என்று முகப்பில் ஒருவர் ஏடு வைத்துக்கொண்டு சொல்வாராம்.

ஏடு என்றதும் சொல்லவேண்டும். அன்றைக்கு இரும்புப் பெட்டியைத் திறந்தபோது அப்பத்தா கல்யாணத்து மொய் ஏடு கிடைத்தது. செட்டிமார் கணக்குக்கே உரிய நீளமான, மேலே புரட்டுகிற புத்தகம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம். தமிழ் எண்களில் தொகை. ஒரு ரூபாயை யாரும் தாண்டவில்லை, பல வரியில் நாலணா. தொகையை விட என்னைப் பிடித்து நிறுத்தியது ஊர்ப்பெயர்கள். விலாசமில்லாமல் ஒரு வரி இல்லை. கண்டனூர், கோட்டையூர், வலையப்பட்டி, இடையிலே ரெங்கூன், மோல்மேன், ஈப்போ. அந்த ஊர்க் கடையிலிருந்து வந்தவர் இன்னார், இந்தக் கல்யாணத்தில் இருந்தார், அவ்வளவுதான் அந்த வரிக்குப் பொருள். பணம் ஒரு அடையாளம். எழுதிவைத்தது ஆள் இருந்ததை.

நான் வெகுகாலமாகத் தேடிய சொல் அங்கே கிடைத்தது. எங்கள் கல்யாணத்துக்கு வருகிறவர் வேடிக்கை பார்க்க வரவில்லை, சாட்சியாக வருகிறார். எங்கள் சடங்குகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றும் விளங்கும்.

இசைகுடிமானம் என்று ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் இன்ன பெண்ணுக்கும் இன்ன பையனுக்கும் இன்ன நாளில் மணம், சீர் இன்னது என்று எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்வது. முன்பு ஓலையில் எழுதினார்கள், இப்போது காகிதத்தில். திருமணத்தைப் பதிவு செய்யச் சட்டம் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே, அட்சதை போட வந்த கூட்டத்தின் முன்னால் பதிவு நடந்தது. கடன் பத்திரம் எழுதியே பிழைத்த சமூகம், பிள்ளைகள் வாழ்க்கையையும் எழுத்தில் கட்டியது. அடுத்தது கோயில் மாலை. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். நகரத்தார் ஒவ்வொருவரும் இதில் ஒன்றைச் சேர்ந்தவர். பெண் வீட்டுக்கு அவர்கள் கோயில் மாலையும், மாப்பிள்ளை வீட்டுக்கு அவர்கள் கோயில் மாலையும் வரவேண்டும். மாலை வந்தால் கோயில் இந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்தத் தம்பதி ஒரு புள்ளி. தனி ஆணோ தனிப் பெண்ணோ புள்ளி ஆகமாட்டார். கோயில் வரி, ஊர்க்கணக்கு எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான்.

புள்ளி ஆனதும் வேறு வைப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது கேட்கச் சங்கடமாக இருக்கும், பிரித்துவிடுகிறார்களே என்று. பிரிவு மனத்தில் இல்லை, கணக்கில்தான். அதே வீடு, அதே வளவு, ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. மாமியார் மருமகள் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலையில் சோறு வடித்தார்கள். சண்டை குறைந்தது, கணவன் மூன்று வருடம் அக்கரையில் இருக்கும்போது மருமகள் தன் குடித்தனத்தைத் தானே நடத்தக் கற்றாள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீரில் ஆட்டுக்கல்லிலிருந்து அண்டா வரை, ஊசி நூல் வரை இருப்பதற்கும் இதுவே வேர். ஒரு குடித்தனத்தை முழுதாக நிறுவ வேண்டியிருந்தது.

வேர் நல்லதுதான். வளர்ந்த விதம் நல்லதல்ல. சாமான் பரப்புவது என்று வந்த பிறகு, வளவு முழுக்க வெள்ளியும் பித்தளையும் எனாமலும் அடுக்கி, எண்ணி, ஏட்டில் குறித்து, அடுத்த வீட்டுக் கல்யாணத்தோடு ஒப்பிட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கலங்கினார்கள். 1920-ல் காரைக்குடியில் சொ. முருகப்பா தொடங்கிய 'தனவைசிய ஊழியன்' போன்ற பத்திரிகைகளில் சீர்திருத்தக்காரர்கள் இந்த ஆடம்பரத்தைக் கண்டித்து எழுதினார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் நியாயம். விருந்தாளிகளுக்கு வழக்கத்தைக் காட்டும்போது சாமான் பரப்புவதை மட்டும் காட்டமாட்டேன் என்று அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அண்ணனும் மறுக்கவில்லை.

பிறகு சரிவு. 1930-க்குப் பின் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடு நிலம் செட்டியார் கையில் இருந்தது, 1938-ல் 25 விழுக்காடு. யாரும் விரும்பி வாங்கிய நிலம் அல்ல. ஆனாலும் நிலத்தை இழந்த குடியானவனின் கோபம் நியாயமானது. அவன் பக்கத்தையும் நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது. பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பினார்கள், கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் கால்நடையாக. சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது, 1960-களில் மிச்சமிருந்த கடைகளும் போயின.

வருமானம் போனதும் வீடுகள் என்னவாகும்? ஒரு வீட்டுக்கு முப்பது பங்கு, நாற்பது பங்கு. சிலர் சென்னையில், சிலர் அமெரிக்காவில். கூரையைப் பழுதுபார்க்க நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். முடியாதவர்கள் இடித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அந்தத் தூண்களையும் நிலைகளையும் கண்ணாடிகளையும் இன்றும் பார்க்கலாம். அந்தத் தெருவில் நான் வேகமாக நடந்துவிடுவேன். 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லதுதான். இருந்தும் என் அனுபவத்தில், விற்காமல் இன்னும் நிற்கிற வீடுகளில் பல நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். நம் பிள்ளை கல்யாணத்தை அந்த வளவில் வைத்து நடத்தவேண்டும் என்று யாரோ ஒரு பங்குக்காரர் பிடிவாதமாக இருக்கிறார்.

வீட்டைக் காத்தவர்களைப் போலக் காகிதத்தைக் காத்தவரும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பழைய புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் விடாமல் சேர்த்துவைத்தார். அவர் சேகரித்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் 1994 முதல் சென்னையில் நூலகமாக இருக்கின்றன. பத்திரிகையை யார் வைத்துக்கொள்வார்கள் என்று ஊரில் அப்போது கேட்டிருப்பார்கள். அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் சாட்சி என்று.

தை மாதம் கல்யாணம். திட்டம் என்று நான் எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம். மேடை கிடையாது. ஆணி கிடையாது. ஓட்டலில் இறக்கவில்லை. எங்கள் தெருவிலேயே ஐந்து வீட்டுப் பங்குக்காரர்களிடம் பேசி, பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, கழுவி, ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டு ஒன்பது பேராக இறக்கினோம். முகப்பில் ஏடு வைத்துக்கொண்டு எந்த ஊருக்கு எந்த வீடு என்று சொல்ல அண்ணன் ஒரு சித்தப்பாவை உட்காரவைத்தார். எண்பத்திரண்டு வயது. பழைய மாதிரியே.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கொட்டான். பனங்குருத்தோலையைக் காயவைத்து, சாயம் தோய்த்து, சன்னமாகக் கீறி, நனைத்துக்கொண்டே முடைகிற கூடை. கல்யாணத்துக்குப் பலகாரம் கொடுத்துவிட, வெற்றிலை வைக்க என்று ஆச்சிமார் தாங்களே வருடக்கணக்கில் முடைந்து சேர்ப்பார்கள். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்து அது அழியப் பார்த்தது. விசாலாட்சி ராமசாமி ஆச்சியின் அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்து மீட்டது. முடைகிற பெண்கள் இருவரை வரச்சொல்லியிருந்தேன். விருந்தாளிகளை வட்டமாகப் பாயில் உட்காரவைத்து ஆளுக்கு எட்டு ஓலை. ஓலை காய்ந்தால் ஒடியும், ரொம்ப நனைந்தால் வழுக்கும். குறுக்கு ஓலை ஒன்று விட்டு ஒன்று போகவேண்டும், மூலை திருப்பும்போது நகக்கண்ணால் அழுத்தவேண்டும். இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை அகல அடிப்பாகம் மட்டுமே வந்தது. கோணலும் மாணலுமாக இருந்தன. மறுநாள் அந்தப் பெண்கள் உட்கார்ந்து அவற்றையே முடித்துக் கொட்டானாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேன்குழலும் மாவுருண்டையும் அவரவர் கொட்டானில்தான் போட்டுக் கொடுத்தோம்.

சனிக்கிழமை கழுத்துரு கோர்த்தோம். எங்கள் பெண்களின் திருமாங்கல்யம் அது. முப்பதுக்கும் மேற்பட்ட தங்க உருக்கள், நடுவில் விரல் விரித்த கை போல ஏத்தனம். மஞ்சள் தோய்த்துத் திரித்த நூலில் வரிசை பிசகாமல் கோர்க்கவேண்டும். முன்பு நூறு பவுன் என்பார்கள், இப்போது நிறையக் குறைத்துவிட்டார்கள், அது நல்ல காரியம். கல்யாணத்தன்று பூட்டுவது, பிறகு கணவனுக்கு அறுபது நிறையும்போது சாந்திக்குப் பூட்டுவது. நடுவில் பெட்டியில் இருக்கும். கோர்க்கிறபோது அண்ணியின் கை நடுங்கிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் கேட்காமலே நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி முடிச்சு வரை விடவில்லை.

இரண்டாம் கட்டில் பந்தி. தனி மேஜை, தனிச் சாப்பாடு என்று விருந்தாளிகளுக்கு எதுவும் வைக்கவில்லை. ஆச்சிமாருக்கு நடுவே ஒருவர் விட்டு ஒருவராக உட்காரவைத்தோம். கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்றும் மண்டிக் குழம்புக்குக் கழுநீர்தான் ருசி என்றும் பக்கத்து இலை ஆச்சி பாதிச் சைகையில் சொல்லிக்கொடுத்தார். ஜெர்மன் பையன் கவுனியை மூன்று தடவை கேட்டான். சமையல் மேஸ்திரிக்கு அன்று பூரிப்பு.

ஞாயிறு காலை முகூர்த்தம். முதல் நாளே ஒன்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். திருப்பூட்டும்போது சங்கு ஊதுவார்கள், தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் சங்கு என்றால் சாவு, எங்களுக்கு அது மங்கலம், பயப்படாதீர்கள் என்று. கோயில் மாலை வந்தது. இசைகுடிமானம் எழுதினார்கள். அண்ணன் கையெழுத்துப் போடும்போது கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், விருந்தாளிகளும் எட்டிப் பார்த்தார்கள், படம் எடுக்க மறந்து. சங்கு முழங்கிற்று. வளவின் நாலு பத்தியிலும் நின்றவர்கள் கையிலிருந்து அட்சதை விழுந்தது.

மத்தியானம் முகப்பில் சித்தப்பா மொய் எழுதிக்கொண்டிருந்தார். பந்தியில் கவுனி கேட்ட ஜெர்மன் பையன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நூறு ரூபாய்த் தாளை நீட்டினான். சித்தப்பா தாளைப் பார்க்கவில்லை. பேனாவைத் தூக்கியபடி, "எந்த ஊரு தம்பி?" என்றார். நான் சொல்லிக்கொடுத்தேன். "ஹாம்பர்க்." அவர் காதில் கையை வைத்து இன்னொரு தடவை கேட்டார். அவன் குனிந்து, மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னான். கொத்தமங்கலத்துக்கும் ஆத்தங்குடிக்கும் நடுவில் இருந்த வரியில் சித்தப்பா எழுதினார்: ஹாம்பர்க்கு. பிறகு அவன் பெயர். தலையை நிமிர்த்தாமலே அடுத்தவரைக் கேட்டார், "உனக்கு எந்த ஊரு ஆத்தா?"